ரெண்டு நிமிஷம் பிந்தி

எழுதி ரொம்ப நாளாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் வந்தது, போனது. பொங்கல் வந்தது, போனது. ஆனால் எழுதாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. ஒரு விஷயத்தில் தப்புப் பண்ணிவிட்டேன். அதைச் சொல்லாமல் போன தடவை மாதிரி கடலை மிட்டாய் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத மனசு வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், டீ ஏதும் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காக: நான் ஆன்லைன் கேம் போட்டிகளுக்குத் தமிழில் நேரடி வர்ணனை சொல்கிறேன். வாரத்துக்கு ரெண்டு ராத்திரி. பெரிய கம்பெனிகள் நடத்தும் போட்டி எல்லாம் இல்லை. நாலு கல்லூரிப் பசங்க சேர்ந்து டிஸ்கார்டில் நடத்துகிற பதினாறு டீம் போட்டி. நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசு 5,000 ரூபாய், படித்து முடித்து வேலைக்குப் போன ஒரு சீனியர் அண்ணன் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுப்பது. நடத்துகிறவர்களுக்குப் பைசா கிடையாது, எனக்கும் கிடையாது. 'இதுல உனக்கு என்னடா லாபம்?' என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். பி.காம். படிக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அவனுக்கு நான் சொன்ன பதில்: குட்வில். அவன் விடவில்லை. 'ஏ.எஸ். 26 படிச்சியா இல்லியா? காசு குடுத்து வாங்காம தானா உருவாக்குன குட்வில்ல ஏட்டுல ஏத்த முடியாதுல' என்றான். இந்த மாதிரி நண்பர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது :)

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், பின்னால் கதைக்குத் தேவைப்படும். கோவில்பட்டியில் எங்கள் அப்பா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். முன்னால் கவுன்ட்டர், ஜெராக்ஸ் மெஷின். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை, அதில் பழைய கம்ப்யூட்டர், ஏ4 பேப்பர் பண்டல்கள். வீட்டில் நெட் சுமார்தான். கடையில் ஃபைபர் லைனும் யு.பி.எஸ்.ஸும் இருக்கிறது. அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த அறை என் ஸ்டுடியோ. பேப்பர் பண்டலைச் சுற்றி அடுக்கி, மேலே ஒரு போர்வை போட்டால் எதிரொலி குறையும். பரீட்சை சமயத்தில் பேப்பர் தீர்ந்துபோய்ச் சுவர் குட்டையானால் என் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்லுகிற கேம் வாலரண்ட். 2020ல் வந்தது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். ஒரு பக்கம் ஸ்பைக் என்கிற குண்டைக் குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டும், மறு பக்கம் தடுக்க வேண்டும். வைத்துவிட்டால் 45 வினாடியில் வெடிக்கும், செயலிழக்க வைக்க 7 வினாடி ஆகும். முதலில் 13 ரவுண்டு ஜெயிப்பவர் வெற்றி, 12-12 ஆனால் மட்டும் மேலே இழுக்கும். கபடி தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரியாததுதான் இந்த ஆட்டத்தின் உயிர். சத்தத்தை வைத்து, முந்தைய ரவுண்டை வைத்து, வயிற்றுக்குள் ஏற்படும் ஒரு உணர்வை வைத்துக் கணிக்க வேண்டும்.

வர்ணனையாளனுக்கு மட்டும் அது எல்லாம் தெரியும். பார்வையாளர் இடத்தில் சேர்ந்துகொண்டால் பத்துப் பேரும் சுவருக்குப் பின்னாலும் கோடாகத் தெரிவார்கள். எண் விசைகளை அழுத்தி யார் கண்ணுக்குள் வேண்டுமானாலும் போகலாம். கடவுளின் நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 700 ரூபாய் ஹெட்செட்டோடு.

இந்த வேலை எப்படி ஆரம்பித்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். வெளிநாட்டில் இந்த மாதிரி வர்ணனை சொல்பவர்களை ஷவுட்காஸ்டர் என்பார்கள். கத்துவதால் வந்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். வின்ஆம்ப் என்று ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருள் இருந்ததே (எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இன்னமும் இருக்கிறது, அப்பாவின் இளையராஜா தொகுப்போடு), அதைச் செய்த நல்சாஃப்ட் என்கிற சின்னக் கம்பெனி 1990களின் கடைசியில் ஷவுட்காஸ்ட் என்று ஒன்றை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எம்பி3 வடிவில் ரேடியோ மாதிரி ஒலிபரப்பலாம். 1999ல் ஏ.ஓ.எல். அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது, அது தனிக்கதை. க்வேக்கும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டி நடக்கும்போது ஒருத்தர் உட்கார்ந்து வாயாலேயே ஆட்டத்தைச் சொல்வார், மற்றவர்கள் வின்ஆம்பில் கேட்பார்கள். அந்த மென்பொருளின் பெயர்தான் ஆட்களுக்கு ஒட்டிக்கொண்டது.

படமே கிடையாது பாருங்கள், அதுதான் விஷயம். ட்விட்ச் வந்தது 2011ல். அதற்குப் பத்து வருஷம் முன்னால் வீட்டு நெட்டில் வீடியோ அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் குரல் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (வியாதி, விட மாட்டேன்): 24 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பேசினால் மொத்தமே 10.8 எம்பி. டயல்-அப்பில் கூடத் தாங்கும். 2001ல் எச்.எல்.டி.வி. என்று ஒன்று வந்து, கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தைக் கேமுக்குள்ளேயே இருந்து வேடிக்கை பார்க்க வழி கிடைத்தது. ஆனால் படம் ஒரு குழாயில், குரல் வேறு குழாயில். இரண்டும் ஒன்றாக வந்து சேராது. கோல் விழுந்தபிறகு 'பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்' என்று ரேடியோ சொல்கிற மாதிரி இருந்திருக்கும். அதையும் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் இலவசம், எல்லாரும் தன்னார்வலர்கள். க்வேக் ஆட்டங்களுக்கு அப்படிப் பேசிப் பழகிய மார்கஸ் கிரஹாம் பிற்பாடு ட்விட்சிலேயே வேலைக்குச் சேர்ந்தார். நிக் பிளாட் என்கிற அமெரிக்கர் 2008ல் ஸ்டார்கிராஃப்டுக்கு ஆங்கில வர்ணனை சொல்லக் கொரியாவுக்கே போய்விட்டார். 2014ல் அமேசான் ட்விட்சைச் சுமார் 970 மில்லியன் டாலருக்கு வாங்கியது. யாரோ ராத்திரி தூக்கம் கெட்டு உருவாக்கிய குட்வில் கடைசியில் யாரோ ஒருவர் ஏட்டில் ஏறத்தான் செய்கிறது. (நண்பனுக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம்.)

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் நான் செய்தது வர்ணனையே இல்லை. 'ஐயோ... ஐயோ... அடிச்சான் பாருங்க... என்னா அடி மக்களே... வேற லெவல்!' இவ்வளவுதான். இதைத் தமிழ் வர்ணனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் விமர்சனம் அப்பாவிடமிருந்து வந்தது. கடை மூடும் நேரத்தில் கவுன்ட்டரில் கணக்குப் பார்த்துக்கொண்டே தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கத்துவதைக் கேட்டிருக்கிறார். 'ஏல, ஒரு மணி நேரமா கேக்கேன். ஸ்கோர ஒரு தடவகூட நீ சொல்லலியே' என்றார்.

திரையில் மேலே ஸ்கோர் தெரியுதேப்பா என்றேன். 'நான் திரையவா பாக்கேன்?' என்றார்.

அப்பா ரேடியோ கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைப் பற்றி எங்கள் வீட்டில் கிரிக்கெட் பேச்சு எடுத்தாலே ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். 2020 டிசம்பரில் அவர் காலமான செய்தி வந்த அன்று அப்பா கடையில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்பாவின் வாதம் எளிமையானது. ரேடியோ கேட்கிறவன் எப்போது வேண்டுமானாலும் வந்து சேருவான். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருவான், கடையில் ஒரு கஸ்டமரை அனுப்பிவிட்டு வருவான். வந்தவனுக்கு முதலில் வேண்டியது ஸ்கோர், அப்புறம் யார் பந்து போடுகிறார், எந்தப் பக்கத்திலிருந்து. கத்துவதெல்லாம் அதற்கு அப்புறம். நான் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு வழக்கம்போலக் காற்றில் விட்டுவிட்டேன்.

ரெண்டாவது விமர்சனம் திருப்பூரிலிருந்து. இந்த அண்ணனுக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். துணி பின்னுகிற வட்ட மெஷின்கள் ராத்திரி முழுக்க ஓடும், நூல் அறுந்தால் மெஷின் நிற்கும், போய் முடிச்சுப் போட்டு ஓட்டிவிட வேண்டும். போனைக் கையில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு காதில் மட்டும் இயர்போன். பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, வீட்டுக்கு வீடியோ கால் பேசி முடிப்பதற்குள் அன்றைய டேட்டாவில் பாதி போயிருக்கும். அவர் ஒருநாள் எனக்கு அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்:

'தம்பி நல்லா பேசுறீங்க. ஆனா ஐயோ ஐயோன்னு கத்தும்போது யாரு செத்தா யாரு இருக்கான்னு எனக்கு தெரியல. நான் படம் பாக்கல, கேக்க மட்டும்தான் செய்றேன். எங்க நிக்கிறாங்கன்னு சொன்னீங்கன்னா நான் மனசுல மேப்ப போட்டுக்குவேன். முன்னாடி நானும் ஆடுனவன்தான்.'

அப்பா சொன்னதை விட்டுவிட்டேன், இதை விட முடியவில்லை. அன்று ராத்திரியே என் பழைய ஒளிபரப்பு ஒன்றைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. யாரோ ஒரு பையன் காரணமே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தான்.

அடுத்த ரெண்டு மாதம் என்னை நானே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு ரவுண்டு ஆரம்பத்திலும் ஸ்கோர். சண்டை முடிந்ததும் 'மூணுக்கு ரெண்டு' என்று மீதி ஆட்களின் கணக்கு. இடத்தின் பெயரை முதலில் சொல்லி அப்புறம் ஆளைச் சொல்வது: 'பி மெயின்ல ரெண்டு பேர், மார்க்கெட்ல ஒருத்தர்.' 'லர்க்' என்று வரும் இடத்தில் 'பதுங்கி' என்றேன். 'ஃபிளாங்க்' என்பதற்குப் 'பின்பக்கமா வர்றார்' போதும். 'கிளட்ச்' மட்டும் மாட்டேன் என்றது. 'ஒத்தை ஆளா நிக்கிறார்' என்று சொல்லிப் பார்த்தேன், அதுவே நன்றாக இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே ஆட்டம் தெளிவாகப் புரிய ஆரம்பித்தது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இதற்கு ஒரு வரம். 'ஜெட், கதவுக்குப் பின்னாடி, சுவத்தோட ஒட்டி, மெதுவா...' என்று இழுத்துக்கொண்டே போகலாம், என்ன நடக்கும் என்று கேட்பவருக்குக் கடைசி வார்த்தை வரை தெரியாது.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

யூடியூபில் நாங்கள் அனுப்புகிற வீடியோ 2,500 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.க்கு மேல் விழுங்கும். தரத்தைக் குறைத்து வைத்தாலும் அண்ணனுக்குக் கட்டுப்படியாகவில்லை. கேட்கத்தானே செய்கிறார், எதற்குப் படம்? டிஸ்கார்டில் ஒரு குரல் அறை திறந்து, என் மைக்கை அதிலும் இணைத்துவிட்டேன். 64 கிலோபிட், மணிக்கு 29 எம்பிகூட வராது. முதல் நாள் அண்ணன் மட்டும். பிறகு ஒரு ஆட்டோ ஓட்டுநர், விடுதியில் வைஃபை சரியில்லாத ரெண்டு பசங்க. ஏழெட்டுப் பேர் ஆனார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் செய்ததையே நானும் செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. போட்டி நடத்துகிறவர்களிடம் சொன்னேனா? 'சும்மா ஒரு ஆடியோ ரூம் போட்டிருக்கேன்' என்று சொன்னேன். அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

யோசிக்க வேண்டியது இதுதான். யூடியூப் ஒளிபரப்பு எப்போதும் ரெண்டு நிமிஷம் பிந்திப் போகும். ஓ.பி.எஸ். மென்பொருளில் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதில் 120 வினாடி வைத்திருந்தோம். காரணம் தெரிந்திருக்கும்: எனக்குப் பத்துப் பேர் இருக்கும் இடமும் தெரிகிறது. நேரடியாக அப்படியே போனால், ஆடுகிறவனின் நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து 'டேய் பின்னாடி வர்றான்' என்று சொல்லிவிடுவான். ரெண்டு நிமிஷம் பிந்தினால் அந்த ரவுண்டே முடிந்திருக்கும், சொல்லிப் பிரயோசனம் இல்லை. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எனக்கும் தெரியும். ஆனால் டிஸ்கார்ட் குரல் அறைக்குத் தாமதமே கிடையாது. நான் பேசிய அடுத்த நொடி அங்கே கேட்கும்.

நான் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இதனால் ஒரு ஆபத்தும் இருந்திருக்காது. 'ஐயோ ஐயோ'வைக் கேட்டு எவனும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கண் தெரியாதவருக்கும் மேப் புரிகிற மாதிரி இடம் சொல்லப் பழகியபிறகுதான் என் வாய் ஒரு ஆயுதம் ஆனது.

2025 ஜனவரி, காலிறுதி. அசென்ட் மேப். ஆட்டம் 11-11. தாக்குகிற டீம் அருமையாக ஒரு திட்டம் போட்டார்கள். நாலு பேர் சத்தமே இல்லாமல் பி மெயினில் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும் ஏ பக்கம் போய்ச் சுட்டு, ஓடி, கூட்டமே அங்கே வருகிற மாதிரி நாடகம். நான் அதை ரசித்து ரசித்துச் சொன்னேன்: 'ஏ பக்கம் கேக்குற சத்தம் எல்லாம் ஒத்தை ஆள் மக்களே, உண்மையான படை பி மெயின்ல மூச்ச அடக்கிட்டு நிக்குது.' சொல்லி முடித்து மூன்று வினாடி இருக்கும். ஏ பக்கம் போய்க்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரர்கள் ரெண்டு பேர் சடாரென்று திரும்பி பி-க்கு ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த ரெண்டு பேரோடு சேர்ந்து, வந்த நாலு பேரையும் வாசலிலேயே முடித்தார்கள்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'என்ன ஒரு கணிப்பு! இதுதான் மக்களே விளையாட்டு அறிவு!'

இந்த வரியை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. 13-11. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் மதியம் தோற்ற டீமின் கேப்டன் எனக்கு மூன்று துண்டு வீடியோ அனுப்பினான். எங்கள் ஒளிபரப்பிலிருந்தே வெட்டியவை. மூன்று ரவுண்டு. மூன்றிலும் நான் இடத்தைச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்தில் எதிர் டீம் அந்தப் பக்கம் திரும்புகிறது. கோபமாகக்கூட எழுதவில்லை. 'ப்ரோ ரெண்டு நிமிஷம் டிலே இருக்குன்னு சொன்னீங்களே, அப்புறம் இது எப்படி?' அவ்வளவுதான். பிசினஸ் லா வகுப்பில் இருந்தேன். முதலில் ஓ.பி.எஸ். அமைப்பைத்தான் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் 120 சரியாக இருக்கிறது. பக்கத்து ஜன்னலில் டிஸ்கார்ட் திறந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது.

அன்று அறையில் வழக்கமான ஆட்களைத் தவிர இன்னும் ரெண்டு புதுப் பெயர்கள் இருந்தன. அவர்கள் யார், யாருக்குச் சொன்னார்கள், சொன்னார்களா இல்லையா, எதற்கும் ஆதாரம் கிடையாது. போட்டி நடத்துகிறவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். ஜெயித்த டீம் சத்தியம் செய்தது: 'ஏ பக்கம் ஒரே ஒரு ஆளோட காலடிதான் கேட்டுச்சு, அதான் திரும்புனோம்.' அதுவும் நடக்கக்கூடியதே. நல்ல ஆட்டக்காரன் காலடியை எண்ணுவான். கடைசியில் மறு ஆட்டம் என்று முடிவானது, வர்ணனை இல்லாமல், பார்வையாளர் இல்லாமல்.

அதில் ஜெயித்தவர்களே திரும்பவும் ஜெயித்தார்கள். 13-9.

அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. முதல் ஆட்டத்தில் அவர்கள் கேட்டு ஆடினார்களா? தெரியாது. கேட்காமல் ஆடியிருந்தால், ஒரு நல்ல டீமை ஒரு வாரம் முழுக்கத் திருடர்கள் என்று நாலு பேர் பேசக் காரணம் நான். கேட்டு ஆடியிருந்தால், தோற்றவர்களின் அந்த அழகான ஏமாற்றுத் திட்டத்தைக் கெடுத்தவன் நான். மறு ஆட்டத்தில் அந்தத் திட்டத்தை அவர்கள் திரும்பப் போட முடியாது, எதிராளிக்குத்தான் தெரிந்துவிட்டதே. எப்படிப் பார்த்தாலும் பற்று என் பக்கம்தான் நிற்கிறது. கேப்டனிடம் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல ப்ரோ, விடுங்க' என்றான். அடுத்த போட்டிக்கு அந்த டீம் பெயர் கொடுக்கவில்லை. பரீட்சை என்று சொன்னார்கள். பரீட்சையாகவே இருக்கட்டும்.

குரல் அறையை மூடினேன். அதுவரை எளிது. அண்ணனுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. விஷயத்தை எழுதினேன். ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்குப் பதில் வந்தது. 'சரி தம்பி, ஆட்டம் நேர்மையா நடக்கணும்ல. நான் பாட்டு கேட்டுக்குறேன்.' கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

என் கூட்டாளி (ஆட்டத்தை அலசுகிற வேலை அவனுடையது, திருநெல்வேலியிலிருந்து டிஸ்கார்டில் சேர்ந்துகொள்வான்) ஒரு கேள்வி கேட்டான். 'அறைய ஏம்ல மூடணும்? அறையையும் ரெண்டு நிமிசம் பிந்த வச்சா போதும்லா?' குரலைத் தாமதப்படுத்தி அனுப்ப முறையான வழிகள் இருக்கின்றன, தனி சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும், மாதம் ஒரு தொகை. எங்கள் பட்ஜெட் எவ்வளவு என்று மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் தாமதமான குரல் ஏற்கெனவே ஒரு இடத்தில் இலவசமாக வந்துகொண்டுதானே இருக்கிறது? யூடியூபில். அதை எங்கேயாவது ஓடவிட்டு, அந்தச் சத்தத்தை ஒரு போன் கேட்டு டிஸ்கார்டுக்கு அனுப்பினால்?

என் பக்கத்தில் வைக்க முடியாது, நான் நேரடியாகப் பேசுவதும் சேர்ந்து போய்விடும். அதனால் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், அப்பாவின் கவுன்ட்டர். அங்கே கடையின் சின்ன ஸ்பீக்கரில் யூடியூப் ஒளிபரப்பு ஓடும். முன்னால் லேமினேஷன் கவர்களை அடுக்கி அதன்மேல் என் பழைய போன், டிஸ்கார்ட் அறையில். முதல் நாள் துப்பாக்கிச் சத்தமே போகவில்லை, பேச்சு மட்டும் வெட்டி வெட்டிப் போனது. இரைச்சலைக் குறைக்கிற அமைப்பு துப்பாக்கியை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டியிருக்கிறது. அதை அணைத்ததும் சரியானது. நான் பேசுவது தடுப்பைத் தாண்டி அதில் விழுகிறதா என்று பார்க்க, கூட்டாளியை அறையில் இருந்து கேட்கச் சொன்னேன். முதலில் லேசாக விழுந்தது. தடுப்போரம் இன்னும் எட்டு பண்டல் பேப்பர் அடுக்கி, நானும் கத்துவதைக் குறைத்தபிறகு போனுக்கு எட்டவில்லை என்றான். இந்தத் தடவை போட்டி நடத்துகிறவர்களையும் உட்காரவைத்து, ஒரு கடிகாரத்தைக் காட்டி, ரெண்டு நிமிஷம் பத்து வினாடி பிந்துகிறது என்று நிரூபித்து, எழுத்தில் சம்மதம் வாங்கினேன்.

அண்ணன் திரும்ப வந்தார். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் எழுதியிருந்தார்: 'தெளிவா கேக்குது தம்பி. நடுவுல நடுவுல யாரோ ரெண்டு பேரு டீ டீன்னு பேசிக்கிறாங்க, அது யாரு?'

எனக்கும் புரியவில்லை. அடுத்த வாரம் இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். பக்கத்து டீக்கடை மாஸ்டர் கடையைச் சாத்திவிட்டு எங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே அப்பா, கல்லாவை எண்ணி முடித்து, தடுப்பை ஒட்டிய ஸ்டூலில், பிளைவுட்டில் காதைச் சாய்த்த மாதிரி. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு டீ பந்தயம். மாஸ்டர் கேட்பது ஸ்பீக்கரை. அப்பா கேட்பது என்னை.

அன்று ராத்திரிக்குள் மாஸ்டர் ஒன்பது டீ கடன்.